செர்வரிடம் உங்கள் மெயில் சொல்லும் பெயர்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ, கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலோ வேலைக்குச் சேருங்கள். முதல் மாதத்திலேயே இந்தப் பேச்சு காதில் விழும்: “மெயில் போட்டாச்சு சார், அவங்களுக்கு வரலையாம்.” வழக்கமான பதில், “திரும்ப ஒருதடவை அனுப்புங்க.” திரும்ப அனுப்பினாலும் அது அதே ஸ்பேம் பெட்டியில்தான் போய் விழும். கொட்டேஷன் இரண்டு நாள் தாமதமானால் சிங்கப்பூர் வியாபாரி வேறு ஆலையைப் பார்த்துக்கொள்வார். நேர்முகத் தேர்வு அழைப்பு கண்ணில் படாத மாணவிக்கு ஒரு வேலையே கைநழுவிப் போகும்.

ஏன் போகவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லத் தெரிந்தவர் இந்த இடத்தில் மதிப்புப் பெறுகிறார். அதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை. மெயில் அனுப்பும் மென்பொருள் செர்வரிடம் தன்னை யார் என்று எப்படிச் சொல்கிறது, சொன்னதை செர்வர் எப்படிச் சரிபார்க்கிறது என்ற இரண்டும் புரிந்தால் போதும். சில வார மாலை நேரங்களில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் பெயர்

மெயில் அனுப்பும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம் அதன் விதிகளை வகுத்தது. இணைப்பு கிடைத்ததும் செர்வர் 220 என்ற எண்ணோடு தன் பெயரைச் சொல்லும். உங்கள் மென்பொருள் ‘ஹெலோ’ என்ற கட்டளையோடு தன் பெயரைச் சொல்லும். செர்வர் 250 என்று பதில் தந்தால் மேற்கொண்டு பேசலாம். 1993இல் ‘இஹெலோ’ என்ற விரிந்த வடிவம் வந்தது. இன்று எல்லாரும் பயன்படுத்துவது இதைத்தான். இதில் பெயரைச் சொன்னவுடன் செர்வர் தன்னால் முடிந்தவற்றை வரிசையாக ஒப்பிக்கும்: எத்தனை பைட் வரை ஏற்கும், மறையாக்கம் உண்டா, எந்த வகை லாகினை ஒத்துக்கொள்ளும், தமிழ் எழுத்தில் அமைந்த முகவரியைக் கையாளுமா என்றெல்லாம்.

அந்தப் பட்டியலில் வரும் அளவை மட்டும் கவனித்தாலே ஒரு தொல்லை தீரும். இணைப்புக் கோப்புகள் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெருக்கின்றன. தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைத் துல்லியமாகப் படமெடுத்து 20 எம்பி கோப்பாக அனுப்பினால், வழியில் அது சுமார் 27 எம்பி. எதிர்ப்பக்க செர்வர் 25 எம்பிக்கு மேல் ஏற்காது என்றால் திரும்பி வந்துவிடும். “20 எம்பிதானே அனுப்பினேன்” என்று குழம்ப வேண்டியதில்லை. ஜிமெயில் செர்வர் தன் வரம்பாக 35882577 பைட் என்று அறிவிப்பதும் இந்தக் கணக்கால்தான். 25 எம்பி இணைப்பு பெருத்தாலும் அதற்குள் அடங்கும்.

சரி, மென்பொருள் என்ன பெயரைச் சொல்கிறது? அவுட்லுக் உங்கள் கணினிக்கு விண்டோஸில் வைத்த பெயரைச் சொல்லும். தண்டர்பேர்டு பெரும்பாலும் கணினியின் உள்ளக ஐபி எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டுச் சொல்லும். பைத்தான் நிரல் எழுதிச் சம்பளச் சீட்டு அனுப்புகிறீர்கள் என்றால், அது கணினியின் பெயரைத் தேடி எடுத்து அதைச் சொல்லும். சரியாக அமைக்காத கணினியில் ‘லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்டொமைன்’ என்றும் சொல்லிவிடும். இந்தப் பெயர் பெரும்பாலும் மெயிலின் ஹெடரில், அதாவது மெயிலோடு கூடவே செல்லும் பயண விவர வரிகளில், பதிந்து பெறுபவர் வரை போகிறது. ஆகவே அலுவலகக் கணினிக்கு முதலாளியின் செல்லப் பெயரையோ வீட்டுப் பெயரையோ வைக்காதீர்கள். இன்னொன்று: இந்தப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, புள்ளி மட்டுமே செல்லும். கணினிக்குத் தமிழில் பெயர் வைக்க விண்டோஸ் இடம் தரலாம். ஆனால் பைத்தானின் மெயில் நூலகம் அந்தப் பெயரை அனுப்பும் இடத்தில் பிழை காட்டி நின்றுவிடக்கூடும். நிரலில் குறை தேடி ஒரு நாளை வீணாக்கும் முன் கணினியின் பெயரைப் பாருங்கள்.

பெயரைச் சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை. கொள்முதல் நிலையத்தில் “நான் இந்த ஊர் விவசாயி” என்றால் போதாது. சிட்டா, அடங்கல் பார்த்த பிறகுதான் நெல்லை ஈரப்பதம் பார்க்கக் கையில் எடுப்பார்கள். செர்வரும் அப்படித்தான். பெயரைக் குறித்துக்கொள்ளும், சான்றைக் கேட்கும். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321, இஹெலோவில் சொன்ன பெயர் ஐபி எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மெயிலைத் தள்ளக் கூடாது என்கிறது. நடைமுறையில் ஸ்பேம் வடிகட்டிகள் அந்தப் பொருத்தமின்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, அதோடு வேறு சந்தேகங்களும் சேர்ந்தால் மெயில் ஓரங்கட்டப்படும்.

பயணத்தில் இரண்டு கட்டம் இருப்பதையும் மனத்தில் வையுங்கள். உங்கள் கணினியிலிருந்து உங்கள் செர்வர் வரை முதல் கட்டம். இதற்கு 587 அல்லது 465 என்ற போர்ட் (செர்வரின் வாசல் எண்), கூடவே லாகின். இங்கே நீங்கள் லாகின் செய்துவிடுவதால் கணினியின் பெயர் எதுவானாலும் பெரிய பாதிப்பில்லை. உங்கள் செர்வரிலிருந்து அவர்களுடைய செர்வர் வரை இரண்டாம் கட்டம். இதற்கு 25 என்ற போர்ட். அனுப்பும் செர்வரின் பெயர், ஐபி எண், அந்த எண்ணைத் திருப்பித் தேடினால் கிடைக்கும் பெயர் எல்லாம் இங்கே உரசிப் பார்க்கப்படும்.

அலுவலகத்திலேயே ஒரு மெயில் செர்வர் வைத்துக்கொள்ளலாம், மாதச் செலவு மிச்சம் என்று யாராவது யோசனை சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பின் ஐபி எண் மாறிக்கொண்டே இருக்கும். திருப்பித் தேடினால் உங்கள் டொமைன் பெயர் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) வராது. அத்தகைய எண்கள் நேரடியாக மெயில் அனுப்பத் தகுதியற்றவை என்று ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பட்டியலே வைத்திருக்கின்றன. கிளவுட் நிறுவனங்கள் பலவும் 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. மிச்சமாகும் தொகையைவிடப் போகும் வியாபாரம் அதிகம்.

மென்பொருள் தன் பெயரை இன்னோர் இடத்திலும் எழுதுகிறது. ஹெடரில் ‘எக்ஸ்-மெயிலர்’ அல்லது ‘யூசர்-ஏஜென்ட்’ என்ற வரி: அவுட்லுக், இன்ன பதிப்பு, ஐபோன் மெயில், பிஎச்பிமெயிலர். இது கட்டாயமில்லை, ஜிமெயிலை உலாவியில் திறந்து அனுப்பினால் இந்த வரி இருக்காது. பழைய பதிப்பின் எண்ணை ஊருக்கெல்லாம் சொல்வதால் நன்மை ஒன்றுமில்லை. இணையதளத்திலிருந்து போகும் மெயில்களில் இதை நீக்கிவிடுவது நல்லது. ஆனால் பொய்ப் பெயர் மட்டும் போடாதீர்கள். அவுட்லுக் என்று சொல்லிக்கொண்டு அவுட்லுக் போல எழுதாத மெயிலைப் பிடிக்கவே ஸ்பாம்அசாசின் வடிகட்டியில் தனி விதி இருக்கிறது.

மெயிலைப் படிக்கும் பக்கத்திலும் இப்படி ஓர் அறிமுகம் உண்டு. ஐமேப் முறையில் மென்பொருள் தன் பெயரையும் பதிப்பையும் சொல்ல 2000இல் வழி செய்யப்பட்டது. பெரும்பாலான செர்வர்கள் அதை வற்புறுத்துவதில்லை. சீனத்தின் நெட்ஈஸ் மெயில் வற்புறுத்துகிறது. சொல்லாத நிரலைப் பாதுகாப்பற்ற லாகின் என்று நிறுத்திவிடும். சீனத்தோடு வியாபாரம் செய்யும் அலுவலகத்தில் தானியங்கி நிரல் எழுதுபவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஹெடரைக் கீழிருந்து மேலே படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் ஹெடர் படிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் முழு ஹெடரும் விரியும். பழைய அவுட்லுக்கில் ஃபைல், பிராப்பர்ட்டீஸ் என்று போனால் கிடைக்கும்.

ஒவ்வொரு செர்வரும் மெயிலைக் கைமாற்றும்போது ‘ரிசீவ்டு’ என்று ஒரு வரியை மேலே சேர்க்கும். அதனால் பயணம் கீழிருந்து மேலே போகிறது. அந்த வரியில் ‘ஃப்ரம்’ என்பதை அடுத்து வருவது அனுப்பியவர் இஹெலோவில் தானாகச் சொல்லிக்கொண்ட பெயர். அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் இருப்பது பெற்ற செர்வர் தானே கண்டறிந்த பெயரும் ஐபி எண்ணும். அவர் சொன்னது ஒன்று, செர்வர் கண்டது ஒன்று. இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். இவை முரண்படும் இடத்தில்தான் உங்கள் கண் நிற்க வேண்டும். அடிவரிகளை ஏமாற்றுக்காரர் தாமே எழுதிச் சேர்த்திருக்கவும் முடியும். உங்கள் சொந்த செர்வரும் அதற்கு மேலுள்ளவையும் எழுதிய வரிகளை மட்டும் முழுதாக நம்புங்கள்.

நேரத்தையும் பாருங்கள். இரண்டு வரிகளுக்கிடையே மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் தாமதம் எந்த செர்வரில் என்று கையைக் காட்டிவிடலாம். “நாங்க காலையிலேயே அனுப்பிட்டோம்” என்ற டெண்டர் தகராறில் இந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வைத்தால் பேச்சு முடிந்தது.

மெயில் திரும்பி வந்தால் அந்த ஆங்கிலக் குறிப்பைப் பயந்து அழித்துவிடாதீர்கள். அதில் உள்ள எண் எல்லாவற்றையும் சொல்லும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை; செர்வரே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் முடிந்த முடிவு. நீங்கள் எதையாவது திருத்தினால்தான் நடக்கும். 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை, எழுத்துப்பிழையைப் பாருங்கள். ஜிமெயில் 550 5.7.26 என்றால் உங்கள் டொமைனுக்குச் சான்று இல்லை. 5.7.25 என்றால் அனுப்பும் ஐபி எண்ணுக்குத் திருப்பித் தேடும் பெயர் இல்லை. 535 என்றால் லாகின் தோல்வி.

இந்த 535தான் கணக்கு மென்பொருளிலும் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் நகல் இயந்திரங்களிலும் திடீரென முளைத்தது. “பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கு, நேத்துவரை போச்சு.” காரணம் இது: தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி மென்பொருள் நுழைவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தியது, நிறுவனக் கணக்குகளுக்கு 2025இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் முதல் மெயில் படிக்கும் வழிகளுக்கு இதையே செய்தது. புதிய முறையில் மென்பொருளே தனக்கென ஓர் அடையாள எண்ணை கூகுளிடம் பதிவு செய்துகொள்கிறது. “தண்டர்பேர்டு உங்கள் மெயிலை அணுக அனுமதி கேட்கிறது” என்று திரை வரும். நீங்கள் சம்மதித்தால் அதற்கு ஒரு டோக்கன் கிடைக்கும். பாஸ்வேர்டு அந்த மென்பொருளின் கைக்குப் போவதே இல்லை. இது பழைய ஹெலோவைவிடப் பல மடங்கு மேலான அறிமுகம். இதைக் கற்காத பழைய இயந்திரங்களுக்கு, கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியாக உருவாக்குங்கள். ஒன்று பழுதானால் அதை மட்டும் ரத்து செய்யலாம். ஊழியர் ஒருவர் விலகும் நாளில், அலுவலகக் கணக்கில் எந்தெந்த மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து தேவையற்றதை நீக்குவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். சொல்லாமலே இதைச் செய்பவரை முதலாளிகள் மறப்பதில்லை.

டொமைனின் சான்றுகள்

சொந்த டொமைன் வைத்திருக்கும் ஆலை, பள்ளி, மருத்துவமனை எதுவானாலும் மூன்று பதிவுகள் இருக்க வேண்டும். எஸ்பிஎஃப்: என் பெயரில் மெயில் அனுப்ப இந்த செர்வர்களுக்கு மட்டும் அனுமதி. டிகேஐஎம்: அனுப்பும் செர்வர் மெயிலில் இடும் மின்கையொப்பம், அதைச் சரிபார்க்கும் சாவி டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் விவரங்களைப் பொதுவில் வைக்கும் பதிவேட்டில், இருக்கும். டிமார்க்: இந்த இரண்டில் ஒன்றாவது ‘ஃப்ரம்’ முகவரியின் டொமைனோடு பொருந்தித் தேறாவிட்டால் என்ன செய்வது என்ற உத்தரவு. ஜிமெயிலுக்கு அனுப்பும் எவரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும், ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புபவர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதித்தது. யாகூவும் அதே சமயத்தில் இணைந்துகொண்டது.

அடிக்கடி பார்க்கும் பிழைகள் மூன்று. ஒன்று, எஸ்பிஎஃப் வரி இரண்டு இருப்பது. இணையதளம் செய்தவர் ஒன்று போட்டிருப்பார். மெயில் சேவைக்காக இன்னொருவர் மற்றொன்று சேர்த்திருப்பார். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒன்றாக்குங்கள். அந்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் ஆகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அடுத்தது, இணையதளத்தின் தொடர்புப் படிவம். வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியையே ‘ஃப்ரம்’ என்று போட்டு உங்கள் தளம் அனுப்பும். ஜிமெயிலின் பெயரில் வேறு செர்வர் பேசுவதால் அது ஸ்பேமுக்குப் போகும். ‘ஃப்ரம்’ உங்கள் டொமைனாகவும், ‘ரிப்ளை-டு’ வாடிக்கையாளர் முகவரியாகவும் இருக்கட்டும். மூன்றாவது கல்லூரிகளில் வருவது: கல்லூரி முகவரிக்கு வருவதை மாணவர்களின் ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடுவார்கள். திருப்பிவிடும் செர்வர் மூல அனுப்புநரின் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது. அங்கே கைகொடுப்பது டிகேஐஎம் கையொப்பம் மட்டுமே. உள்ளடக்கத்தில் ‘வெளியிலிருந்து வந்தது’ என்று எச்சரிக்கை வாசகம் ஒட்டினால் அதுவும் முறியும்.

இவையெல்லாம் பெரிய அளவில் எப்படி நடக்கின்றன என்பதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் கணக்குகள் ஜோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. முகவரிகள் மாறவில்லை, அதே அரசு டொமைன்தான். பின்னால் நிற்கும் செர்வர்தான் வேறு. டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் புது செர்வரைச் சரியாகச் சொல்வதால்தான் முகவரி மாறாமல் செர்வர் மட்டும் மாற முடிகிறது. உங்கள் அலுவலகம் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் வேலை இதேதான்: புதிய சேவையின் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை முன்கூட்டியே சேர்த்து, மெயில் வரும் இடத்தைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவைக் கடைசியில் மாற்றுங்கள். சம்பா கொள்முதல் நேரத்திலோ கல்லூரிச் சேர்க்கை நேரத்திலோ இதில் கை வைக்காதீர்கள்.

‘பாஸ்’ என்றால் நல்லவர் என்று பொருளல்ல

ஏற்றுமதி செய்யும் அலுவலகங்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்” என்று ஒரு மெயில் வருகிறது. ஹெடரில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் ‘பாஸ்’. ஆனாலும் மோசடியாக இருக்கலாம். ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு டொமைனை வாங்கினால், அந்த டொமைனுக்கு எல்லாச் சான்றும் முறையாக அமைத்துக்கொள்ள எவராலும் முடியும். சான்றுகள் சொல்வது, இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டும். டொமைனை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘ரிப்ளை-டு’ வேறு முகவரிக்குப் போகிறதா பாருங்கள். கணக்கு மாற்றம் என்றால், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய இன்வாய்சில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அந்த மெயிலை அழிக்காமல் முழு ஹெடரோடு சேமித்து வையுங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

வேலை தேடுவோருக்கு

2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் டைடல் நியோ என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்குள் போக விரும்பும் பிள்ளைகள் எல்லாரும் நிரல் எழுதுவதையே பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் உதவி, சிஸ்டம் நிர்வாகம், மெயில் மார்க்கெட்டிங் ஆகிய வேலைகளிலும் வாசல் இருக்கிறது, அங்கே மெயில் போய்ச் சேர்வதைப் பற்றிய அறிவு நேரடியாகப் பயன்படும். “எம்எஸ் ஆபீஸ் தெரியும்” என்று எழுதும் வரிக்குப் பக்கத்தில் “மெயில் ஹெடர் பகுப்பாய்வு, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைத்தல்” என்று எழுத முடிந்தால் எதிரே இருப்பவர் அதைப் பற்றிக் கேட்பார். கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குப் பயிற்சி வேண்டும்.

பயிற்சிக்குச் செலவு குறைவு. விண்டோஸிலேயே உள்ள ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையால் உங்கள் கல்லூரி, உங்கள் வங்கி, உங்களுக்குத் தெரிந்த ஆலை ஆகியவற்றின் எம்எக்ஸ் பதிவையும் எஸ்பிஎஃப் வரியையும் பாருங்கள்; இவை பொதுவில் உள்ள தகவல்கள்தான். ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ கருவியால் உங்கள் சொந்தக் கணக்கின் செர்வரை 465ஆம் போர்ட்டில் அழைத்து, கையாலேயே இஹெலோ தட்டச்சு செய்து, அது தரும் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். ஓராண்டுக்கு ஒரு டொமைன் வாங்கி மூன்று சான்றுகளையும் நீங்களே அமைத்து, ஜிமெயிலுக்கு அனுப்பி, மூன்றும் ‘பாஸ்’ ஆகும்வரை திருத்துங்கள். டிமார்க்கை முதலில் ‘நன்’ என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்த பிறகே ‘குவாரன்டைன்’, ‘ரிஜெக்ட்’ என்று இறுக்குங்கள். முதல் நாளே ‘ரிஜெக்ட்’ வைத்தால் மறந்துபோன பில்லிங் மென்பொருளின் மெயில்களெல்லாம் நின்றுவிடும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இணையதளம் செய்து கொடுத்த பையனின் சொந்த மெயில் முகவரியில் பதிவாகி, அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கலாம். புதுப்பிக்கும் தேதி தவறினால் அலுவலகத்தின் எல்லா மெயிலும் ஒரே நாளில் நின்றுவிடும். பதிவை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள், டிஎன்எஸ் கணக்கின் லாகின் முதலாளியிடம் இருக்கட்டும், காலாவதித் தேதியை அலுவலக நாள்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள்.